வட்டு வாங்குமுன் அட்டையைப் படியுங்கள்

கேள்வி: ‘டுராராரா!!’ என்ற ஜப்பானியக் கார்ட்டூன் (அனிமே) தொடரின் முழுத் தொகுப்பு என்று இணையத்தில் டிவிடி வாங்கினேன். 24 அத்தியாயங்களோடு நின்றுவிட்டது. இவ்வளவுதானா? – வாசகி, மதுரை

பதில்: இல்லை, உங்களை ஏமாற்றிவிட்டார்கள். 2010இல் தொலைக்காட்சியில் வந்தவை 24. வட்டில் மட்டும் வெளியானவை இன்னும் இரண்டு. 2015, 2016ஆம் ஆண்டுகளில் இரண்டாம் பருவம் மூன்று பகுதிகளாக, 36 அத்தியாயங்கள் வந்தது. முதல் பருவத்தை மட்டும் கொடுத்துவிட்டு ‘முழுத் தொகுப்பு’ என்று காசு வாங்குவது மோசடி. விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். விளம்பரப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்துக்குள் ஒப்புகையும் ஒரு மாதத்துக்குள் தீர்வும் தர வேண்டும். தராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். விடாதீர்கள்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரவழைத்த புளூ-ரே வட்டு என் கருவியில் ஓடவில்லை. எந்த நாட்டுக் கருவியில் ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டைக் கவனிக்கவில்லை. பணம் திரும்புமா? – வாசகர், கோவை

பதில்: திரும்பாது. ஜப்பான் ஏ மண்டலம், இந்தியா சி மண்டலம். அட்டையில் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் வாங்கியதற்கு யார் மேல் புகார் கொடுப்பது?

கேள்வி: மலிவாகக் கிடைத்த ‘டுராராரா!!’ வட்டில் ஆங்கில வசனம் தாறுமாறாக இருக்கிறது. கதையே புரியவில்லை. – வாசகர், திருச்சி

பதில்: அது போலி வட்டு. இதைப் பற்றி எனக்குத் தீராத ஆத்திரம் உண்டு. டோக்கியோவின் இகெபுகுரோவில் நடக்கும் கதை இது. மிகாடோ, மசாஓமி, அன்ரி என்ற மூன்று பள்ளி நண்பர்களும் ஆளுக்கொரு ரகசியத்தை மற்ற இருவரிடமும் மறைக்கிறார்கள். இணைய அரட்டையில் தனாகா தாரோ, செட்டன், கன்ரா என்ற புனைபெயர்கள் பேசிக்கொள்கின்றன. எந்தப் பெயருக்குப் பின்னால் எவர் என்பதில்தான் கதையின் உயிர் இருக்கிறது. நான் ஒரு கடையில் நல்ல விலை கொடுத்து வாங்கிய பெட்டியில் இந்தப் பெயர்கள் அத்தியாயத்துக்கு அத்தியாயம் மாறின. தலையில்லாத செல்டி பேச முடியாமல் கைக்கருவியில் தட்டச்சு செய்து காட்டும் வரிகளுக்கு மொழிபெயர்ப்பே இல்லை. கடைக்காரர் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மறுத்தார். எழுதியவர், வரைந்தவர், குரல் கொடுத்தவர் எல்லோருடைய உழைப்பையும் திருடி, வாங்கியவரையும் முட்டாளாக்கும் வியாபாரம் இது! ஒரே வட்டில் ஏராளமான அத்தியாயங்கள், ‘எல்லா மண்டலத்திலும் ஓடும்’ என்ற வாசகம், வெளியீட்டாளர் பெயரில்லாத அட்டை, இம்மூன்றும் சேர்ந்திருந்தால் தொடாதீர்கள். ரசீது இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை.

கேள்வி: ‘டுராராரா!!’ கதையில் வரும் டாலர்ஸ் கும்பலைத் தொடங்கியது யார்? – வாசகி, சேலம்

பதில்: சொல்ல மாட்டேன். பார்த்துத் தெரிந்துகொள்ளும் மகிழ்ச்சி உங்களுக்கே உரியது.

கேள்வி: டோக்கியோ போகிறேன். செல்டி பொம்மை எங்கே வாங்கலாம்? – வாசகர், சென்னை

பதில்: அனிமே பொருள்கள் விற்கும் அனிமேட் நிறுவனத்தின் தலைமைக் கடை இகெபுகுரோவிலேயே இருக்கிறது. பழைய தொடர் என்பதால் அங்கே கிடைக்காமல் போகலாம். அக்கம்பக்கத்துப் பழைய பொருள் கடைகளிலும் தேடுங்கள். பெட்டி பிரிக்கப்பட்டதா, கழற்றி மாட்டும் பாகங்கள் எல்லாம் உள்ளனவா என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள்.