அப்பா சாலிட்டேர்ல தோத்துக்கிட்டே இருக்கார்னா இதை ட்ரை பண்ணுங்க

ப்ரோ, ரிடையர் ஆன அப்பா நாள் பூரா சாலிட்டேர் (ஒருத்தரே தனியா ஆடற சீட்டாட்டம்) ஆடி ஜெயிக்க முடியாம டென்ஷன் ஆகறார்னு போட்டிருந்தீங்க. நிறுத்தச் சொல்லாதீங்க. அதுல கூட ஆட ஆள் தேட வேண்டாம், பந்தயம் இல்ல, யாரும் கேலி பண்ண மாட்டாங்க, அந்த நிம்மதிக்குத்தான் ஆடறாரு. செட்டிங்ஸ்ல மூணு மூணா சீட்டு எடுக்கறத ஒண்ணா மாத்திக் குடுங்க. அப்புறம் ராஜா ரெடியா இல்லாம எந்த வரிசையையும் காலி பண்ண வேண்டாம்னு சொல்லுங்க, காலி இடத்துல ராஜாவத் தவிர வேற சீட்டு உக்காராது. அப்பவும் கடுப்பானா ஃப்ரீசெல்னு இன்னொரு வகை சாலிட்டேர் இருக்கு, அதப் போட்டுக் குடுங்க, அதுல 52 சீட்டும் மொதல்லயே தெறந்து கெடக்கும், சீட்டு சரியில்லன்னு பழி போட முடியாது (எனக்கு அதுதான் புடிக்கும்). பழைய விண்டோஸ் ஃப்ரீசெல்ல இருந்த நம்பர் போட்ட 32,000 ஆட்டத்துல 11982ஆம் நம்பர் மட்டும்தான் ஜெயிக்கவே முடியாதது, அத அவர்கிட்ட சொல்லிடாதீங்க, விடிய விடிய உக்காந்துருவாரு.