78 வயதில் இடுப்பு எலும்பு முறிவு: அறுவை சிகிச்சையைத் தாங்குவாரா?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 78. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. குளியலறையில் வழுக்கி விழுந்ததில் தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து விலகியிருக்கிறது. மருத்துவர் உடனே அறுவை சிகிச்சை செய்ய வேண்டும் என்கிறார். உறவினர்களோ இந்த வயதில் கத்தி வைக்க வேண்டாம், கட்டுப் போட்டுப் படுக்க வைத்தால் போதும் என்கிறார்கள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். உறவினர்களின் அச்சம் இயல்பானதுதான் என்றாலும், உங்கள் அம்மாவுக்குப் பெரிய ஆபத்து படுக்கையில்தான் இருக்கிறது. வாரக்கணக்கில் அசையாமல் கிடக்கும் முதியவருக்குச் சளி கட்டி நிமோனியா வரும். இடுப்பின் பின்புறத்திலும் குதிகாலிலும் படுக்கைப்புண் உண்டாகும். கால் ரத்தக்குழாயில் உறைந்த கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்துக்கொள்ளவும் கூடும். கட்டுப் போட்டாலும் இந்த எலும்பு கூடுவது அரிது. தொடை எலும்பின் பந்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்கள் கழுத்தை ஒட்டியே செல்வதால், எலும்பு விலகும்போது அவையும் அறுபட்டுப் பந்து உயிரிழந்துவிடலாம். இதனால்தான் முதியவர்களுக்குப் பெரும்பாலும் பந்தையே எடுத்துவிட்டு உலோகப் பந்து பொருத்துகிறார்கள்.

நாள் கடத்தாதீர்கள். மருத்துவமனையில் சேர்த்த அன்றோ மறுநாளோ அறுவை சிகிச்சை நடக்க வேண்டும் என்பதே பிரிட்டனின் தேசிய வழிகாட்டுதல். ரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சிக்கல் எதுவும் வராது என்று நான் சொல்ல மாட்டேன். புண்ணில் கிருமித்தொற்று ஏற்படலாம். பொருத்திய பந்து நழுவலாம். இதயம் பலவீனமானவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. குடும்பத்தினர் மிகவும் கலங்கிப்போவது தற்காலிக மனக்குழப்பத்தைக் கண்டுதான். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய ஓரிரு இரவுகளில் அம்மா உங்களையே யாரென்று கேட்கலாம், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கலாம். புத்தி பேதலித்துவிட்டது என்று பதறவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனென்றால் வலி, நீர் வறட்சி, சிறுநீர்த் தொற்று போன்றவை இதைத் தூண்டுகின்றன. கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிட்டு, பழகிய முகம் ஒன்று அருகிலேயே இருக்கட்டும். பெரும்பாலோர் சில நாட்களில் தெளிந்துவிடுவார்கள்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். வலிக்கிறதே என்று தடுக்காதீர்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்துவிட்டு நிற்க வையுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் கால்சியத்தோடு எலும்புத் தேய்மானத்துக்கான மருந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். பலருக்கு இது விடுபட்டுப்போய், அடுத்த பக்க இடுப்பும் முறிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஊசியாகப் போடும் ஸோலெட்ரோனிக் அமிலம் அவருக்கு ஏற்றதா என்பதைச் சிறுநீரகப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் முடிவு செய்வார்.