முகம் தெரிந்த சொல்

அன்புள்ள ஐயா,

நாற்பது வயதில் ஸ்பானிஷ் கற்கத் தொடங்கியிருக்கிறேன். சென்ற வாரம் வகுப்பில் ஒரு பிழைக்கு வெட்கப்பட்டு, ஆங்கில ‘எம்பாரஸ்ட்’ நினைவில் ‘எஸ்தோய் எம்பராசாதா’ என்று சொல்லிவிட்டேன். ‘நான் கர்ப்பமாக இருக்கிறேன்’ என்று பொருளாம். வகுப்பே சிரித்தது. இப்படி ஏமாற்றும் சொற்களுக்கு ஒரு பட்டியல் தர முடியுமா? இந்த வயதில் இது வீண் வேலைதானா?

அன்புள்ள தங்கைக்கு,

வயதுக் கவலையை விடுங்கள். கவலைப்பட்ட நேரத்தில் பத்துச் சொல் படித்திருக்கலாம். சிரித்தவர்கள் இதற்குள் மறந்திருப்பார்கள். ‘ஏமாற்றும் சொல்’ என்று எழுதினீர்களே, அதுதான் என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது.

அந்தச் சொல் யாரை ஏமாற்றியது? ‘எம்பராசார்’ என்றால் தடுப்பது, இடையூறு செய்வது. அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய் மனத்தின் கூச்சமாயிற்று; பிறந்த வீட்டில் கருவுறுதலைக் குறித்தது. சங்கடமான நிலைமையை ‘எம்பராசோசோ’ என்று ஸ்பானியர் இன்றும் சொல்கிறார்கள். ஒரே வேரில் கிளைத்த இரண்டில் ஒன்றைப் பொய்யன் என்று திட்டுகிறீர்கள். நியாயமில்லை. யாரும் அழைக்காமலே ஆங்கிலத்தை நடுவில் உட்காரவைத்தவர் நீங்கள்.

இதைச் சிறு விஷயமாக நினைக்காதீர்கள். 1980இல் ஃபுளோரிடாவில் 18 வயது இளைஞன் ஒருவனை நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். கியூபக் குடும்பம். ‘இந்தோக்சிகாதோ’ என்றார்கள். தின்றதோ குடித்ததோ ஒத்துக்கொள்ளாமல் நஞ்சாகிவிட்டது என்பது அவர்கள் சொன்னது. மருத்துவர் காதில் ஆங்கில ‘இன்டாக்சிகேட்டட்’ விழுந்தது. போதைமருந்தை அளவுமீறி எடுத்துக்கொண்டான் என்று வைத்தியம் நடந்தது. உண்மையில் மூளைக்குள் இரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அதைக் கண்டறிவதற்குள் நாட்கள் போயின. இரு கைகளும் கால்களும் செயலிழந்தன. பிறகு சுமார் 7.1 கோடி டாலர் இழப்பீடு என்று வழக்கு முடிந்தது. அந்தப் பணத்தால் அவன் எழுந்து நடந்தானா? மொழிபெயர்ப்பாளரை ஏன் அழைக்கவில்லை தெரியுமா? இரு தரப்பும் தங்களுக்குப் புரிந்துவிட்டது என்று நம்பினார்கள். முற்றிலும் அந்நியமான சொல்லாக இருந்திருந்தால் ‘என்ன சொன்னீர்கள்?’ என்று யாராவது ஒருவர் கேட்டிருப்பார். எனக்கு ஆறாத இடம் இதுதான்.

ஆகவே பட்டியல் தரமாட்டேன். கேட்காதீர்கள். பட்டியலை மனப்பாடம் செய்தவர், அதில் இல்லாத சொல்லிடம் இன்னும் துணிச்சலாகப் போய் விழுவார்.

நான் ஸ்பானிஷ் படிக்கப்போன முதல் நாள் ஆசிரியை மேசையைத் தட்டி ‘மேசா’ என்றார். என் கண் நிறைந்துவிட்டது. போர்த்துகீசியர் நம் கரையில் விட்டுப்போன சொல், என் பாட்டி வாயில் புழங்கிய சொல், எங்கோ ஒரு வகுப்பறையில் என்னை வரவேற்றது. அலமாரிக்கு அங்கே ‘அர்மாரியோ’. ஆங்கிலத்தின் ‘டேபிள்’ வழியாகப் போயிருந்தால் இந்த உறவு எனக்குத் தெரிந்தே இருக்காது. தமிழை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு ஏன் அம்மா வகுப்புக்குப் போகிறீர்கள்?

புதிய குறிப்பேடு வாங்குங்கள். வெட்கமாக இருந்தால் ‘மே தா வெர்குவென்சா’ என்று சொல்லுங்கள். ‘எம்பராசாதா’வுக்கு எதிரே ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று தமிழில் எழுதிவையுங்கள்.

அன்புடன்,
அண்ணன்