கட்டாக்காலி மாட்டுக்குச் சோறு வைக்கலாமா?

கேள்வி: வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருக்கிறோம். சில மாதங்களாக ஒரு பசுவும் அதன் நாம்பன் கன்றும் குப்பைப் பைகளைக் கிளறித் தின்றுகொண்டு திரிகின்றன. அம்மா வெள்ளிக்கிழமைகளில் மிஞ்சின சோறும் வாழைப்பழமும் வைப்பார். அப்பாவின் ஆட்டைத் திவசத்துக்கு இரண்டையும் கோயிலுக்கு விட்டுவிடுவோம் என்கிறார். செய்யலாமா?

பதில்: முதலில் சோற்றை நிறுத்தச் சொல்லுங்கள். அம்மாவின் மனம் நோகும், ஆனாலும் சொல்லுங்கள். மாட்டின் முதல் இரைப்பை, புல்லை ஊறவைத்துப் புளிக்க வைக்கும் பெரிய தாழி மாதிரி. அதற்குள் அளவுக்கு மீறிச் சோறு போனால் அமிலம் பெருகி, ஓரிரு நாளில் மாடு சாய்ந்துவிடும். பட்டிப்பொங்கலன்று ஒரே மாட்டுக்குப் பத்து வீட்டார் பொங்கல் வைப்பார்கள், ஒரு வீட்டாருக்கு மற்ற வீட்டார் வைத்தது தெரியாது. எங்களுக்குத் தொலைபேசி அடிப்பது அடுத்த நாள். இடப்பக்க வயிறு உப்பி, அசை போடாமல், புளித்த மணத்தோடு தண்ணீராகச் சாணி போட்டால் உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்கள். அம்மா ஏதாவது கொடுத்தே ஆகவேண்டும் என்றால் சந்தையில் இரண்டு கட்டு அகத்தி வாங்கிக் கொடுக்கட்டும். அமாவாசைக்குக் கொடுக்கிற அதே அகத்திதான். மாட்டுக்கும் அது நல்ல தீன்.

சோற்றைவிட மோசமானது சொப்பிங் பேக். உள்ளே இருக்கும் மீன்குழம்பு மணத்துக்கு மாடு பையையும் சேர்த்தே விழுங்கும். பை செரிக்காது, வெளியேயும் வராது. ஒன்றோடொன்று முறுக்கிக் கயிற்றுப் பந்தாகித் தங்கிவிடும். வயிறு நிறைந்ததுபோல் இருக்கும், மாடோ பட்டினியில் மெலியும். பிறகு வயிற்றைக் கிழித்துத்தான் எடுக்க வேண்டும். கம்பித்துண்டு போனால் இன்னும் ஆபத்து. அது தங்கும் இரண்டாவது இரைப்பை இதயத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது, குத்திக்கொண்டு போய்விடும். ஆகவே உங்கள் ஒழுங்கைக்காரர் குப்பையை மூடியுள்ள வாளியில் வைத்து, லொறி வரும் நேரத்துக்கு வெளியே எடுத்தாலே பெரிய உபகாரம்.

அடுத்தது, இந்த மாடு உண்மையிலேயே அநாதையா? கன்றோடு நிற்கும் பசுவை யாரும் எளிதில் கைவிட மாட்டார்கள். உடம்பில் குறி சுட்டிருக்கிறதா, காதில் இலக்கத் தகடு இருக்கிறதா பாருங்கள். விடியற்காலையில் யாராவது வந்து கறக்கிறார்களா என்றும் கவனியுங்கள். பாலைக் கறந்துவிட்டுத் தீனிக்குத் தெருவில் அவிழ்த்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சொந்தக்காரன் இருக்கும் மாட்டை நீங்கள் பிடித்துக் கோயிலில் கட்டினால் அது களவு. வாகனத்தில் ஏற்றவும் அனுமதிப்பத்திரம் வேண்டும். கிராம சேவகரிடமும் மாநகர சபையிலும் சொல்லிவிட்டே எதையும் தொடங்குங்கள். மிருக வதைச் சட்டம் 1907ஆம் ஆண்டுடையது, அதில் எழுதிய அபராதம் 100 ரூபாய். அதை நம்பிச் சொந்தக்காரனை மிரட்டப் போகாதீர்கள்.

எனக்குக் கவலை அந்த நாம்பனைப் பற்றித்தான். உழவு இயந்திரம் வந்தபின் அதற்கு வயலில் வேலை இல்லை, பாலும் தராது. முதலில் தெருவுக்கு வருவது நாம்பன், பிறகு பால் வற்றின கிழப்பசு. கோமாதா என்று கும்பிடுகிற நாங்கள்தான் இரண்டையும் விடுகிறோம். இந்தியாவின் 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் கட்டாக்காலி மாடுகள் மட்டும் 50 இலட்சம். அங்கே பல மாநிலங்களில் இருப்பதுபோல் மாடு வெட்டத் தடை போட்டால் மட்டும் தீன் வந்துவிடாது.

கோயில் விஷயம். சிறிய நாட்டு மாட்டுக்கே நாளைக்கு 20 கிலோ பச்சைப்புல் வேண்டும், அது 20 வருஷம் வரை உயிர் வாழும். கொழும்பில் எத்தனை கோயிலுக்குப் புல்தரை இருக்கிறது? திவசத்துக்கு விட்ட கன்று ஆறு மாதத்தில் மறுபடி தெருவில் நின்றதை நானே கண்டிருக்கிறேன். சொந்தக்காரன் விற்கச் சம்மதித்தால் உரிமைப் பத்திரத்தோடு வாங்கி, மேய்ச்சல் உள்ள ஊரில் ஒரு விவசாயியிடம் விடுங்கள். விற்கவோ வெட்டவோ கொடுப்பதில்லை என்று எழுதி வாங்குங்கள். சிங்களவர் அபய தானம் என்று செய்வது கிட்டத்தட்ட இதுதான். அன்னதானச் செலவில் கொஞ்சத்தைக் குறைத்து, ஒரு வருஷத் தீன் காசையும் சேர்த்துக் கொடுத்தால் நாம்பனை வைத்துக்கொள்ள அவருக்கும் மனம் வரும்.

இன்னொன்று. மாடு எச்சில் வடித்து, விழுங்க முடியாமல் நின்றால் தொண்டையில் ஏதோ சிக்கியது என்று வாய்க்குள் கை விடாதீர்கள். விசர்நாய் கடித்த மாடும் அப்படித்தான் நிற்கும். யாராவது கை விட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றைக்கே தேசிய வைத்தியசாலைக்குப் போங்கள்.