சுண்ணாம்பில் வேகும் சோளம்: வாசகர் கேள்வி பதில்

மெக்சிகோ, மாயா சமையலில் பால், முட்டை, மச்சம் சேராத பக்கத்தைப் பற்றி மலையகத்திலிருந்து வந்த கேள்விகள் இம்முறை.

எல்ல பக்கத்தில் ஒரு மெக்சிகன் உணவகத்தில் 'வீகன் ஃப்ரெண்ட்லி' என்று பலகை வைத்திருக்கிறார்கள். நாங்கள் சைவம், மகள் வீகன் (பால், தேன்கூடச் சேர்க்காதவள்). என்ன கேட்டு ஓர்டர் செய்வது?
– வாசகி, பண்டாரவளை

வீகன்காரர் சாப்பிடக்கூடிய சில தட்டுகளும் உண்டு என்பதுதான் அந்தப் பலகையின் அர்த்தம். முழுச் சமையலறையும் அப்படி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சீஸும் கிரீமும் கண்ணுக்குத் தெரிகிறவை, வேண்டாம் என்றால் போடமாட்டார்கள். தெரியாமல் உள்ளே வருவது கொழுப்பும் சூப்பும். மசித்து வதக்கிய பீன்ஸுக்கு மரபான கொழுப்பு பன்றிக் கொழுப்பு. சிவப்புச் சோற்றைக் கோழிச் சூப்பிலோ, சூப் கட்டி கரைத்த தண்ணீரிலோ வேக வைப்பார்கள். தோர்த்தியா என்ற மெல்லிய ரொட்டி கோதுமையில் செய்ததென்றால் அதிலும் கொழுப்பு இருக்கலாம். பொதிந்து அவிக்கும் தமாலின் சோள மாவு பஞ்சு போல வருவதே அடித்த கொழுப்பால்தான். மிளகாய் அரைத்த மோலே குழம்பைப் பெரும்பாலும் கோழிச் சூப் விட்டுத்தான் இளக்குவார்கள். சைவக்காரராகிய உங்களுக்கும் இவை அத்தனையும் ஆகாதவைதான்.

"இது வீகனா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும். பொருளின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பீன்ஸ் எந்த எண்ணெயில் வதக்கியது? சோற்றுக்கு சூப் கட்டி போட்டீர்களா? தோர்த்தியா சோளமா, கோதுமையா? சிப்ஸ் பொரித்த எண்ணெயில் மீனும் பொரிக்கிறீர்களா? நம் நாட்டுக்கென்று இன்னொரு கேள்வியும் இருக்கிறது: சல்சா என்ற துவையலில் மாசிக் கருவாடு இருக்கிறதா? சம்பல் இடித்துப் பழகிய கை, தக்காளிச் சல்சாவிலும் மாசியைத் தூவிவிடும்.

காளான் அல்லது பூசணி வைத்து மடித்த சோளத் தோர்த்தியாவான தாக்கோ, ஆனைக்கொய்யா மசித்த குவாக்கமோலே, வறுத்த பூசணி விதையும் சுட்ட தக்காளியும் சேர்த்து அரைத்த சிகில் பாக் ஆகியவற்றில் சிக்கல் குறைவு. என்றாவது மெக்சிகோவுக்கே போனால் "சின் கார்னே" (இறைச்சி இல்லாமல்) என்பதோடு நிறுத்தாதீர்கள். அங்கே பலருக்குக் 'கார்னே' என்றால் மாட்டிறைச்சிதான், அதனால் தட்டில் கோழி வந்து சேரும்.

மாயாக்கள் மரக்கறி மட்டும் சாப்பிட்டவர்களா?
– வாசகர், தலவாக்கலை

இல்லை. வான்கோழி, மான், மீன் எல்லாம் உண்டார்கள். கொட்டாத தேனீயை வளர்த்துத் தேனும் எடுத்தார்கள். ஆனால் மாடு, பன்றி, கோழி மூன்றும் 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியரோடு வந்தவை. ஆகவே பாலும் சீஸும் பன்றிக் கொழுப்பும் பிறகு ஏறியவை. அவற்றை எடுத்துவிட்டாலும் சோளம், பீன்ஸ், பூசணி, மிளகாய் என்ற அடித்தட்டு முழுதாக நிற்கும். மாயா மக்கள் இன்றும் மெக்சிகோவின் யுகத்தான், சியாபாஸ் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெலீஸ் நாடுகளிலும் வாழ்கிறார்கள். பழங்காலத்துக் கதை போல 'மாயா உணவு' என்று எழுதி விற்பது சரியல்ல. நம் வேலியில் படரும் சௌசௌவும் அந்தப் பக்கத்துக் கொடிதான்.

கடையில் கோன்ஃப்ளவர் வாங்கித் தோர்த்தியா தட்டினேன். கல்லில் போட்டதும் உடைந்து தூளாகிவிட்டது. என்ன பிழை?
– வாசகி, ஹட்டன்

மாவே பிழை. கோன்ஃப்ளவர் என்பது சோளத்தின் மாச்சத்து மட்டும், குழம்பைத் தடிப்பாக்கத்தான் உதவும். முழுச் சோளத்தை அப்படியே அரைத்த மாவும் ஒட்டாது. தோர்த்தியாவுக்குச் சோளம் சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்திருக்க வேண்டும். சுண்ணாம்பு தோலைக் கழற்றுகிறது, மாவுக்குப் பிடிப்பைத் தருகிறது, சோளத்தில் பூட்டிக் கிடக்கும் நியாசின் என்ற விட்டமினையும் விடுவிக்கிறது. சோளத்தை மட்டும் கொண்டுபோய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பாவில், சோளத்தையே நம்பியிருந்த ஏழைகளுக்கு நியாசின் குறைவால் பெலக்ரா நோய் வந்தது.

காய்ந்த சோளம் 500 கிராம் எடுங்கள். ஸ்வீட் கோன் ஆகாது. விதைக்கென்று விற்கும் சோளத்தில் மருந்து தடவியிருக்கும், அதைத் தொடவே வேண்டாம். தண்ணீர் ஒன்றரை லீற்றர். வெற்றிலைக்குப் போடும் வெள்ளைச் சுண்ணாம்பு, காய்ந்த தூளென்றால் 5 கிராம், ஈரமாக இருந்தால் 10 கிராம். நிறமோ வாசனையோ சேர்த்ததும், சுவருக்கு அடிக்கிறதும் கூடாது. அலுமினியச் சட்டியைச் சுண்ணாம்பு அரிக்கும், எவர்சில்வர் பாத்திரம் வையுங்கள்.

சுண்ணாம்பைக் கரைத்துச் சோளத்தைப் போட்டு, கொதி வந்ததும் தீயைக் குறைத்து 40 நிமிடம். ஒரு மணியை விரலில் தேய்த்தால் தோல் வழுக்கிக்கொண்டு வரவேண்டும், கடித்தால் நடுவில் மட்டும் வெள்ளைப் புள்ளியாக வேகாத இடம் தெரியவேண்டும். முழுதும் குழைந்துவிட்டால் மாவு பிசினாகும். இறக்கி மூடி இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் மூன்று நான்கு தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். தோலைக் கடைசித் துணுக்கு வரை எடுக்கவேண்டியதில்லை, அதிலுள்ள பசைதான் மாவைப் பிடிக்கிறது.

அடுத்த தவறு அரைப்பதில் நடக்கும். மிக்சி சுற்றுவதற்காகத் தண்ணீரை ஊற்றினால் தோசை மாவாகிவிடும். அம்மி இருந்தால் அதுவே மேல். மெக்சிகோவின் அரைகல்லான மெத்தாத்தேயும் அம்மிக்குச் சொந்தம்தான், அதற்குக் கால் உண்டு, அவ்வளவே. மாவு இளகிவிட்டால் துணியில் பரப்பி அரை மணி உலரவிடுங்கள். உருண்டையை அமுக்கும்போது ஓரம் வெடித்தால் தண்ணீர் போதாது, கையில் ஒட்டினால் கூடிவிட்டது. 30 கிராம் உருண்டையை இரண்டு பொலித்தீன் தாளுக்கிடையே 2 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தட்டையான அடியுள்ள சட்டியால் அழுத்துங்கள். எண்ணெய் தடவாத தோசைக்கல் நன்றாகக் காயட்டும். முதல் பக்கம் 30 விநாடி, திருப்பி ஒரு நிமிடம், மறுபடி திருப்பினால் உப்பும். உடனே துணியில் சுற்றிப் பத்து நிமிடம் வைத்தால்தான் மெதுவாகும். இதைச் செய்யாமல் 'விறைப்பாக இருக்கிறது' என்பவர்கள் அதிகம்.

நுவரெலியாவில் சிவப்பு போஞ்சி விதை இரண்டு மணி நேரம் வெந்தும் கல்லாக இருக்கிறதே?
– வாசகர், நுவரெலியா

நீங்கள் இருக்கும் உயரம்தான் காரணம். நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடும், விறகை எவ்வளவு வைத்தாலும் அதற்கு மேல் ஏறாது. ஆகவே பிரஷர் குக்கர்தான் வழி. இரவு ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீர் விட்டு, முதல் விசில் வந்தபின் சிறு தீயில் 20 நிமிடம். இந்தச் சிவப்பு விதையில் வயிற்றைப் புரட்டும் ஒரு நச்சுப் புரதம் உண்டு. அரைவேக்காடாகவோ, இளஞ்சூட்டில் நாள் முழுக்க வேகவைத்தோ சாப்பிடக்கூடாது. தக்காளியும் தேசிக்காய்ப் புளியும் வெந்த பிறகு மட்டும், புளிப்பு முதலில் சேர்ந்தால் தோல் இறுகிவிடும். பழைய விதை என்றால் கால் தேக்கரண்டி அப்பச்சோடா உதவும். கறுப்பு பீன்ஸ் கிடைக்காவிட்டால் கௌப்பி போதும்.

வெந்த பீன்ஸை மசித்து வதக்க, பன்றிக் கொழுப்புக்குப் பதில் தேங்காயெண்ணெய். உங்கள் ஊர்க் குளிரில் அது தானாகவே உறைந்து கொழுப்புப் போல நிற்பது ஒரு வசதி.

பிஞ்சுப் பலாவில் 'பிபில்' செய்யலாமா?
– வாசகி, கண்டி

செய்யலாம், நார் இறைச்சி போலவே பிரியும். பிப் என்பது மாயாக்களின் மண்ணடுப்பு, அதில் வேகவைத்ததுதான் பிபில். சுவையைக் கொடுப்பது அச்சியோட்டே என்ற சிவந்த விதையும் நாரத்தைச் சாறும் வாழையிலையும். 1 கிலோ பிஞ்சுப் பலாவைக் கையிலும் கத்தியிலும் எண்ணெய் பூசிக்கொண்டு வெட்டி, உப்புத் தண்ணீரில் 30 நிமிடம் அவித்து, பிழிந்து, பிய்த்துக்கொள்ளுங்கள். கொட்டை முற்றிய காய் வேண்டாம், இனிக்கும். நாரத்தைச் சாறு அரைக் கோப்பை (இல்லையென்றால் தோடம்பழச்சாறு இரண்டு பங்கு, தேசிக்காய் ஒரு பங்கு), பூண்டு 6 பல், மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் அரைத் தேக்கரண்டி, கறுவா சிறு துண்டு, அச்சியோட்டே 2 மேசைக்கரண்டி அரைத்துப் பிரட்டி இரண்டு மணி ஊறவிடுங்கள். அச்சியோட்டே கிடைக்காதபோது விதை நீக்கிய காய்ந்த கொச்சிக்காய் நிறத்தைத் தரும், மணத்தைத் தராது. வாழையிலையைத் தணலில் வாட்டாமல் மடித்தால் கிழிந்து சாறு ஒழுகும். பொதிகளை இட்லிச் சட்டியில் 45 நிமிடம் அவியுங்கள்.

குவாக்கமோலே கறுக்காமல் இருக்க நடுவில் கொட்டையை வைத்தால் போதுமா?
– வாசகர், பதுளை

கொட்டைக்கு அடியில் இருப்பது மட்டும் பச்சையாக இருக்கும். காற்றுப் படுவதால்தான் கறுக்கிறது, பொலித்தீன் தாளை மேற்பரப்பில் ஒட்டினாற்போல அமுக்கி மூடுங்கள். ஆனைக்கொய்யா தண்ணீர்ச் சாதியென்றால் தக்காளியின் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சேருங்கள், மிக்சியில் அடிக்காமல் கரண்டியால் மசியுங்கள்.

ஹபனேரோ மிளகாய்க்கு இங்கே என்ன போடலாம்?
– வாசகி, ஹப்புத்தளை

நம் ஊர் உருண்டைக் காரமிளகாயான நை மிரிஸ். இரண்டும் ஒரே இனம், மணமும் கிட்டத்தட்ட அதேதான். ஒரு பெரிய வெங்காயம், இரண்டு தக்காளி, விதை நீக்கிய ஒரே ஒரு நை மிரிஸ், எல்லாம் பொடியாக அரிந்து கால் கோப்பை நாரத்தைச் சாறும் உப்பும் சேர்த்து அரை மணி வைத்தால் யுகத்தானின் ஷ்னிபெக் என்ற சல்சா தயார். அரிந்த கையை முதலில் எண்ணெய் தேய்த்துப் பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், வெறும் தண்ணீருக்குக் காரம் போகாது. ஷ்னிபெக் என்றால் மாயா மொழியில் நாயின் மூக்கு. அதைத் தின்றவர் மூக்கும் அப்படித்தான் ஈரமாக இருக்கும்.