பேரனிடம் கொடுக்காதீர்கள், ஆச்சி

அன்புள்ள ஐயா,

தேவகோட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது அறுபத்து நான்கு. எங்கள் அப்பச்சி, அதாவது அப்பா, 1950களிலும் 60களிலும் பினாங்கிலிருந்து ஆத்தாவுக்கு எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருக்கின்றன. சின்ன வயதில் கடையில் வேலை பழகுகிற பெட்டியடிப் பையனாகக் கப்பலேறி, அங்கே போய் மலாய் கற்றுக்கொண்டு கடை பார்த்தவர். தாளெல்லாம் தொட்டால் நொறுங்குகிறது. கணினியில் அடித்து வைக்கலாம் என்று சொன்னதும் மகன் மடிக்கணினி வாங்கிக் கொடுத்தான். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வருகிற மாதிரி வைத்திருக்கிறான். ண, ந, ன மூன்றும் என்னைப் படுத்துகின்றன. பாதி வரியில் திடீரென்று ஆங்கிலம் வந்துவிடுகிறது. நடுவில் அப்டேட் என்று அணைந்துவிடுகிறது. அடித்த சொல்லுக்கெல்லாம் கீழே சிவப்புக் கோடு. முன்பு காரைக்குடியில் ஒரு டிடிபி கடையில் சில கடிதங்களை அடித்து வாங்கினேன். அந்த ஃபைலைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக இருக்கிறது.

கல்யாணத்துக்கு முன் தமிழ் டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்தவள் நான். இப்போது ஒன்றும் ஞாபகமில்லை. சிலர் தமிழ்99 விசைப்பலகை கற்றுக்கொள்ளச் சொல்கிறார்கள். இந்த வயதில் அது தேவையா? போனில் வாசித்தால் அதுவே எழுதிவிடும், இல்லாவிட்டால் லீவில் பேரன் அடித்துத் தருவான் என்கிறான் மகன். எது நல்லது? கடிதத் தலைப்பில் வருடம், மாதம், தேதிக்கு அப்பச்சி ஏதோ சுழித்து எழுதியிருக்கிறார். அதெல்லாம் கணினியில் வராதுதானே? இதையெல்லாம் யார் படிக்கப் போகிறார்கள் என்றும் சில நேரம் தோன்றுகிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள ஆச்சி,

கொஞ்ச நாளாக எனக்குள்ளே உழன்றுகொண்டிருந்த ஒரு விஷயத்தைத் தேவகோட்டையில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் எழுதிவிட்டீர்கள். அதனால்தான் உடனே பதில்.

சில்லறைத் தொந்தரவுகளை முதலில் தள்ளிவிடுவோம். அப்டேட்டை இரவு படுக்கப் போகும்போது ஓடவிடுங்கள். ஒரு பத்தி முடிந்ததும் சேமித்துவிடுங்கள். சிவப்புக் கோட்டைப் பார்க்கவே பார்க்காதீர்கள். அந்தச் சொல் கணினிக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டிடிபி கடை ஃபைல் கெட்டுப்போகவில்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடாகிய யூனிகோடு பரவுவதற்கு முன்னால், ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்தில் தமிழ் உருவங்களை வைத்துத்தான் எழுத்துரு செய்தார்கள். அதையும் ஆளுக்கொரு வரிசையில் வைத்தார்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில், அடியில் இருக்கிற ஆங்கில எழுத்து வெளியே தெரியும். கடைக்காரரிடம் எந்த எழுத்துரு என்று கேளுங்கள். பாமினியோ வேறெதுவோ, யூனிகோடுக்கு மாற்றுகிற கருவிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசே 2010-இல் யூனிகோடுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய எழுத்துருவில் அடித்துக் கொடுத்துக் காசு வாங்குகிற கடைகள் மேல் எனக்குக் கோபம்தான். இனி யாரிடம் வேலை கொடுத்தாலும் யூனிகோடில் வேண்டும் என்று கறாராகக் கேட்டு வாங்குங்கள்.

பாதி வரியில் ஆங்கிலம் வருவது வேறு கதை. ஆங்கில எழுத்து வழியாக அடிக்கும்போது ண, ள, ற என்று ஒவ்வொன்றுக்கும் ஷிஃப்டைத் தேடிப் போகிறீர்கள். அப்போது பக்கத்திலிருக்கிற ஆல்ட்டும் சேர்ந்து அழுந்தினால் மொழி மாறிவிடும். அந்தக் குறுக்குவழியை மகனை விட்டு அணைக்கச் சொல்லலாம். ஆனால் ஷிஃப்டுக்கு இத்தனை வேலை ஏன் வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். தமிழுக்கு முப்பது முதலெழுத்துகளும் ஓர் ஆய்தமும். ஆங்கிலத்துக்கு இருபத்தாறு. அந்த இருபத்தாறுக்குள் தமிழை அடைக்கப் பார்த்தால் எங்கேயாவது பிதுங்கத்தானே செய்யும்?

அந்த முறையை நான் குறைசொல்ல மாட்டேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்கள் இல்லாமல், வெளிநாட்டுத் தமிழர்கள் பலர் மின்னஞ்சலில் தமிழே எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களுக்கு ஆங்கில விசைப்பலகை ஏற்கெனவே கைவசம் இருந்தது. உங்களுக்கு அப்படியா? நீங்கள் ஆங்கில டைப்ரைட்டிங் படித்தவர் இல்லை. 'பினாங்கு' என்று அடிக்க முதலில் அதை ஆங்கிலத்தில் யோசித்து, எட்டோ ஒன்பதோ எழுத்து தேடி, அப்புறம் தமிழாக வந்ததா என்று பார்க்கிறீர்கள். அப்பச்சி தமிழில் எழுதியதை மகள் தமிழில் அடிக்க நடுவில் ஆங்கிலத்துக்கு என்ன வேலை?

தமிழ்99-ஐ ஒரு முறை கண்ணால் பாருங்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. இடது கைக்கு உயிர், வலது கைக்கு மெய். வ, ங இரண்டு மட்டும் இடம் தாண்டி இடது பக்கம் வந்திருக்கும். நடுவரிசையில் இடது கைக்குக் கீழே அ, இ, உ, புள்ளி, எ. அ-வுக்கு நேர் மேலே ஆ, இ-க்கு மேலே ஈ, உ-வுக்கு மேலே ஊ, எ-வுக்கு மேலே ஏ. குறில் தெரிந்தால் நெடில் தெரிந்த மாதிரிதான். வலது கையில் க, ப, ம, த, ந, ய. நாம் அதிகம் எழுதுகிற எழுத்துகள் விரல் நகராமலே கிடைக்கின்றன. தம்பி, பக்கம், அந்த, இந்த, எதுக்கு எல்லாம் நடுவரிசையிலேயே முடிந்துவிடும். ஷிஃப்ட் பெரும்பாலும் ஸ, ஷ, ஜ, ஹ போன்ற கிரந்த எழுத்துகளுக்கு மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி விஷயம். 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ. நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு முறை வந்தால் முதல் மெய்க்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின்னால் க, ஞ-வுக்குப் பின்னால் ச, ண-வுக்குப் பின்னால் ட, ந-வுக்குப் பின்னால் த, ம-வுக்குப் பின்னால் ப, ன-வுக்குப் பின்னால் ற வந்தாலும் அப்படித்தான். 'பினாங்கு'க்கு ப, இ, ன, ஆ, ங, க, உ. புள்ளியைத் தொடவே வேண்டாம். வல்லினத்துக்கு முன்னால் அதன் இன மெல்லினம் வரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதைத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து செய்த விசைப்பலகை இது. புள்ளி விழக்கூடாத இடத்தில் நடுவில் ஒரு அ-வைத் தட்ட வேண்டும். 'பப்பாளி'க்கு முதல் ப அடித்ததும் அ, பிறகு ப, ப, ஆ, ள, இ. விதிவிலக்கு என்று பெரிதாக நினைவில் வைக்க வேண்டியது இது ஒன்றுதான்.

பழைய டைப்ரைட்டர் வரிசையையே கணினியில் வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது சொல்வார்கள். வைத்துக்கொள்ளலாம், அதற்கும் மென்பொருள் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் என்று போன ஆர். முத்தையா 1930களில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கியது பெரிய காரியம். ஆனால் பொறியில் எது முதலில் தாளில் விழ வேண்டுமோ அதைத்தான் முதலில் அடிக்க முடியும். 'கொ' என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று தட்டு. கணினிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. க, ஒ. வாயில் வருகிற வரிசையிலேயே கையிலும் வரும்.

டைப்ரைட்டர் என்றதும் எங்கள் வீட்டுக் கதை வந்துவிடுகிறது. எனக்கு மூத்தவர், நான் ஆச்சி என்று கூப்பிடுகிற என் அக்கா, பத்தாவது முடித்ததும் காரைக்குடி செக்காலைப் பக்கம் ஓர் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்தார். காலை ஆறு மணி பேட்ச். துணைக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலை. மாஸ்டர் விசைகள் தெரியாதபடி கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுவார். ய ள ன க, ய ள ன க என்று பக்கம் பக்கமாக ஓடும். ய சுண்டு விரலுக்கு உரியது. அந்த விரலுக்குப் பலம் பத்தாது, எழுத்து மங்கலாக விழும். மாஸ்டர் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். "ய அழுத்தலையே ஆத்தா, இன்னொரு பக்கம் அடி." ஆச்சி முகம் சுளிக்காமல் தாளை மறுபடி ஏற்றுவார். கடைசியில் ய-வும் மற்ற எழுத்துகள் போலவே கறுப்பாக விழுந்தது. கைமுறுக்கு சுற்றுகிறவர்கள் பேச்சு நிற்காமல் சுற்றுவார்களே, அப்படி என்னோடு பேசிக்கொண்டே அடிப்பார்.

பாஸ் செய்தார். கல்யாணம் பேசினார்கள். சான்றிதழ் பெட்டகத்துக்குள் போயிற்று. போன வீட்டில் மெஷின் இல்லை. இருந்தாலும் மருமகளை அதன் முன்னால் உட்கார விட்டிருக்க மாட்டார்கள். அந்தக் காலத்தில் நம் பக்கத்து ஊர்களில் எத்தனை பெண் பிள்ளைகள் காலையில் இருட்டோடு கிளம்பிப்போய் அந்த வித்தையைக் கற்றார்கள்! கற்ற விரல்களுக்கு வேலை கொடுக்காமலே வைத்திருந்துவிட்டோம். இது எனக்கு ஆறாத விஷயம். இன்றைக்கு ஆச்சி சென்னையில் இருக்கிறார். கையில் போன் இருக்கிறது. மளிகைப் பட்டியல்கூடக் குரலில்தான் அனுப்புகிறார். தமிழ்99 கற்றுக்கொள்ளுங்கள் என்றால், "இந்த வயதிலா?" என்று உங்கள் வார்த்தையை அப்படியே சொல்கிறார்.

ஆகவே உங்களைத் திட்டும்போது பாதி அவரையும்தான் திட்டுகிறேன். இந்த வயதில் என்ற பேச்சை விடுங்கள். முன்பின் தெரியாத ஊரில் இறங்கி, கேட்டறியாத பாஷையைக் கற்றுக் கடை நடத்தியவர் மகள் நீங்கள். விரல் ஞாபகம் போய்விட்டது என்கிறீர்கள். வரிசை போயிருக்கும். பார்க்காமல் அடிப்பது, சுண்டு விரலை அதன் இடத்தில் வைப்பது, தாளத்தோடு தட்டுவது, இவை எங்கேயும் போயிருக்காது. முதலில் மெதுவாகத்தான் வரும். மகன் எதிரில் மெதுவாக அடிப்பது கூச்சமாக இருந்தால், அவர் வெளியே போன பிறகு உட்காருங்கள். விசைகளில் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், கண் கீழேயே போகும். வரிசையை ஒரு தாளில் அச்செடுத்து எதிரே வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்டர் போட்ட துண்டை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

போனில் வாசிக்கிற யோசனை வேண்டவே வேண்டாம். பழைய கடைக் கடிதம் ஒன்றை நான் வாசித்துப் பார்த்தேன். 'அடுத்தாள்' என்று சொன்னது 'அடுத்த ஆள்' என்று விழுந்தது. கடையில் மேலாளுக்கு அடுத்த பொறுப்பில் இருந்தவர் வரிசையில் நிற்கிற யாரோ ஆகிவிட்டார். உங்கள் அப்பச்சி கடிதத்தில் பெட்டியடி, பேரேடு, கொண்டுவிற்கப் போனது என்று பக்கத்துக்குப் பத்து சொல் இருக்கும். எல்லாவற்றையும் அது தனக்குத் தெரிந்த சொல்லாக மாற்றிவிட்டுப் போய்விடும். மாற்றியது உங்கள் கண்ணிலும் படாது.

பேரனிடமும் கொடுக்காதீர்கள். பிள்ளை நல்லவனாகத்தான் இருப்பான். ஆனால் புள்ளி வைக்காத அந்தக் கையெழுத்தை, ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தெரியாத வரியை, யாருடைய பேர் அது, எந்த வளவில் இருந்தவர் என்று தெரிந்து படிக்க வீட்டில் உங்களை விட்டால் ஆள் இல்லை. அவன் லீவில் வரும்போது ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதற்கு இளம் கை வேண்டும், தாளும் பிழைக்கும். படித்து அடிக்கிற வேலை உங்களுடையது. எழுத்து எழுத்தாக அடிக்கும்போது ஒரு வரியையும் தாண்ட முடியாது. இத்தனை வருடம் மேலோட்டமாகப் பார்த்து மடித்து வைத்த இடங்களை அப்போதுதான் படிப்பீர்கள்.

யார் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. நம் கோட்டையூர் ரோஜா முத்தையா யார்? விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். அவர் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பைக்கு அனுப்பியதையும் வீட்டில் சேர்த்துவைத்தார். 1992-இல் அவர் காலமான பிறகு அந்த ஒரு லட்சம் போலத் தேறும் சேகரிப்பைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கிற்று. சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் நடக்கிறது. சேர்க்கும்போது அவர் யாரையும் கேட்டுக்கொண்டு சேர்க்கவில்லை.

அந்தச் சுழிகள் கணினியில் வரும், ஆச்சி. ௵ வருடம், ௴ மாதம், ௳ நாள். ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். 2003-இலேயே யூனிகோடில் சேர்த்தாயிற்று. விசைப்பலகையில் தேடி நேரத்தை வீணாக்காமல் இங்கிருந்தே நகலெடுத்து ஒரு ஃபைலில் ஒட்டி வைத்துக்கொண்டு, வேண்டும்போது எடுத்துப் போடுங்கள். அப்பச்சியின் எழுத்தில் பிழை தெரிந்தால் திருத்தாதீர்கள். அவர் விட்ட ஒற்றெழுத்தை நீங்கள் போட வேண்டாம். கிழிந்து போன இடத்தில் ஊகித்து எழுதாமல் அடைப்புக்குறிக்குள் 'கிழிந்துள்ளது' என்று மட்டும் போடுங்கள்.

முதல் கடிதம் முடிந்ததும் எனக்கு அனுப்பிவையுங்கள். எவ்வளவு நாளானாலும் சரி, நீங்களே தமிழ்99-இல் அடித்ததாக இருக்கட்டும். என் அக்காவிடம் காட்ட வேண்டும்.