அமெரிக்காவில் போராட்டக் கூட்டத்தில் நின்றாலே கலவர வழக்கு வருமா?

அமெரிக்காவில் படிக்கும் மாணவர் ஒருவர் போராட்டத்துக்குப் போன இடத்தில் யாரோ கல்லெறிந்தால், சும்மா நின்றவர்மீதும் கலவர வழக்குப் பாயுமா, பாய்ந்தால் எத்தனை ஆண்டு சிறை என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த மாநிலம் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. கலவரம் தொடர்பாக மத்திய அரசின் சட்டமும் இருக்கிறது என்றாலும், தெருவில் பிடிபடுபவர் பெரும்பாலும் மாநிலச் சட்டத்தின்கீழ்தான் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்.

கலவரம் என்று சொல்ல ஐந்து பேராவது சேர்ந்திருக்க வேண்டும் என்ற நம் ஊர்க் கணக்கு இங்கே செல்லாது. கலிபோர்னியாவில் இரண்டு பேர் சேர்ந்து வன்முறையில் இறங்கினாலே கலவரம்தான்; ஆனால் தண்டனை அதிகபட்சம் ஓராண்டுச் சிறையும் 1,000 டாலர் அபராதமும். நியூயார்க்கில் குற்றம் சாட்டப்பட்டவரைத் தவிர இன்னும் நான்கு பேராவது இருக்க வேண்டும். உடன் பத்துப் பேர் இருந்து, ஒருவருக்குக் காயமோ பெருமளவு சொத்துச் சேதமோ நேர்ந்துவிட்டால் அது ஃபெலனி எனப்படும் பெருங்குற்றமாகி, நான்கு ஆண்டு வரை சிறைக்கு வழிவகுக்கும்.

நான் டெக்சாஸில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரின் அலுவலகத்தில் வேலை செய்வதால் இந்த மாநிலத்தின் சட்டம்தான் எனக்குப் பழக்கம். இங்கே ஏழு பேர் கூடியிருக்க வேண்டும்; அந்தக் கூட்டத்தின் செயலால் ஆட்களுக்கோ சொத்துக்கோ உடனடி ஆபத்து ஏற்பட வேண்டும், அல்லது அரசுப் பணிக்குக் கணிசமான தடையோ, பிறரது உரிமைக்குப் பலவந்தமான இடையூறோ நேர வேண்டும். அதில் தெரிந்தே பங்கேற்றால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். இவ்வளவுதானா என்று நினைத்துவிட வேண்டாம். கூட்டத்தில் ஒருவர் அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றைச் செய்து, அது கூட்டத்தின் நோக்கத்துக்காகவே செய்யப்பட்டதாகவோ, அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்திருக்க வேண்டியதாகவோ இருந்தால், பங்கேற்ற மற்றவர்களின் குற்றமும் அதே தரத்துக்கு உயர்ந்துவிடும். யாரோ ஒருவர் கடைக்குத் தீ வைத்தால், தீக்குச்சியைத் தொடாதவரும் 2 முதல் 20 ஆண்டு வரை சிறை விதிக்கக்கூடிய குற்றத்துக்குப் பதில் சொல்லும் நிலை வரலாம். என் பார்வையில் இந்தச் சட்டத்தின் ஆகக் கடுமையான பகுதி இதுவே.

அதே பிரிவில் தப்பிக்கும் வழியும் எழுதப்பட்டிருக்கிறது. கூட்டம் தொடக்கத்தில் சட்டப்படியே கூடியது, ஒருவர் வன்முறைக்கான எண்ணத்தை வெளிக்காட்டியபோது நான் விலகிவிட்டேன் என்பது எதிர்வாதமாக ஏற்கப்படும். ஆகவே எப்போது கிளம்பினீர்கள் என்பதைக் காட்டும் பேருந்துச் சீட்டோ கைபேசிக் காணொளியோ இருந்தால் அதை அழித்துவிடக் கூடாது.

இந்தப் பிரிவு போராட்டக்காரர்களுக்கு மட்டுமானதும் அல்ல. 2024 மார்ச்சில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய எல் பாசோ நகர் அருகே எல்லை முள்வேலியைத் தள்ளிக்கொண்டு வந்த நூற்றுக்கும் மேற்பட்ட குடியேறிகள்மீது இதைத்தான் சுமத்தினார்கள். போதிய முகாந்திரம் இல்லை என்று நீதிபதி பலரது வழக்கைத் தள்ளுபடி செய்ய, அரசுத் தரப்பு கிராண்ட் ஜூரியிடம் (குற்றம் சாட்டப் போதிய ஆதாரம் இருக்கிறதா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு) போய் மறுபடியும் குற்றச்சாட்டைப் பெற்று வந்தது.

சும்மா நின்றவர் கதி என்ன என்ற உங்கள் கேள்வியை நேராக எதிர்கொண்டது ஃபுளோரிடா. 2021 ஏப்ரலில் ஆளுநர் ரான் டிசாண்டிஸ் கையெழுத்திட்ட சட்டம், ஒரே நோக்கத்தோடு மூன்று பேராவது சேர்ந்து செய்யும் வன்முறையைக் கலவரம் என்று வரையறுத்து, ஐந்து ஆண்டு வரை சிறை விதித்தது. உடன் 25 பேராவது இருந்தாலோ, வெளியாள் ஒருவருக்குப் பலத்த காயம் ஏற்பட்டாலோ, சேதம் 5,000 டாலரைத் தாண்டினாலோ 15 ஆண்டு வரை போகலாம். கைதானவர் நீதிபதி முன் நிறுத்தப்படும்வரை ஜாமீனும் கிடையாது. வரையறை தெளிவில்லாமல் இருக்கிறது, அமைதியாக நிற்பவரையும் இழுத்துப்போடும் என்று கூறி, அதே ஆண்டு செப்டம்பரில் மத்திய நீதிமன்ற நீதிபதி மார்க் வாக்கர் அதற்கு இடைக்காலத் தடை விதித்தார். மேல்முறையீட்டில், இந்த வரையறைக்கு என்ன பொருள் என்று மாநில உச்ச நீதிமன்றத்திடமே கேட்கப்பட்டது. வன்முறையில் ஈடுபடாமலும் அதற்கு உதவும் எண்ணமில்லாமலும் அங்கே இருந்தவரை இந்தச் சட்டம் தொடாது என்று அது 2024 ஜூனில் பதிலளித்தது. அதன்பின் தடை நீங்கியது. ஆக, அங்கே சட்டம் உயிரோடு இருக்கிறது, ஆனால் வெறுமனே நின்றதைக் குற்றமாக்க முடியாது.

இதை வைத்து நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. கலைந்து போகும்படி போலீஸ் முறைப்படி எச்சரித்த பிறகும் நிற்பது கலிபோர்னியா போன்ற மாநிலங்களில் தனிக் குற்றம். அதற்கு, நின்றவரே வன்முறையில் இறங்கினார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. சிறிய வழக்குதான் என்றாலும், மாணவர் விசாவில் இருப்பவருக்குச் சிறையைவிடக் குடியேற்ற விளைவுகளே பெரிதாக முடியலாம். குற்றத்தை ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படும் அபாயம் உண்டா என்பதை வெளிநாட்டுக் கட்சிக்காரருக்கு எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று 2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. எனவே அந்த மாணவர் விசா விவரத்தை முதல் சந்திப்பிலேயே வழக்கறிஞரிடம் சொல்லிவிட வேண்டும்; ஒப்புக்கொண்டால் அபராதத்தோடு விட்டுவிடுகிறோம் என்று அரசுத் தரப்பு பேரம் பேசினால், இந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.